சொட்டும் இடத்தைப் பார்த்துச் செலவு செய்யாதீர்கள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டு வாசல்தான் கார் நிறுத்தும் இடம். பத்து வயது தாண்டிய கார் எந்த வாசலில் நிற்கிறது என்பதைத் தரையில் இன்ஜின் ஆயில் சொட்டிய கறுப்பு வட்டமே சொல்லிவிடும். என் பழைய மாருதி ஜென்னுக்குக் கீழேயும் அப்படி ஒன்று இருந்தது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பிலிருந்து சொட்டுகிறது என்று சொல்லி, அதன் இணைப்பில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கை மாற்றினார்கள். ஒரே மாதத்தில் மறுபடி சொட்டியது. மறுபடி அதே பேக்கிங், மறுபடி கூலி.

கடைசியில் வியாசர்பாடியில் ஒரு பெரியவரிடம் போனேன். ஆறிய இன்ஜினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்தார். முகத்துக்குப் போடும் பவுடரைச் சுற்றிலும் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டார். இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்திலிருந்து வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. சம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

மேலே கசியும் ஆயில் கீழே வழிந்துதான் சொட்டும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் இன்ஜினைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்தது. பச்சையோ சிவப்போ என்றால் பெரும்பாலும் கூலன்ட். பழுப்போ கறுப்போ என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில்.

லீக் சின்னதுதானே என்று ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்காமல் விடுவதுதான் பர்ஸைக் காலி செய்யும் தவறு. ஆல்ட்டோ மாதிரி சின்னக் காரில் மொத்த ஆயிலே 3 லிட்டர் அளவுதான். வாரம் ஒரு நாள் காலையில், சமதரையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பழைய கார்களில் அது காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது, இன்ஜினுக்குள் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் வரிசைக்கு நடுவே நின்றாலும் உடனே இன்ஜினை அணையுங்கள். 'மூலக்கடை வரைக்கும் உருட்டிப் போயிடலாம்' என்று நினைத்தால், சில நூறு ரூபாய் பேக்கிங்கோடு முடிய வேண்டியது இன்ஜின் ஓவராலிங்கில் போய் நிற்கும்.

வெளியே பேஸ்ட் பூசி அடைப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அது பிடிக்காது. கவரைக் கழற்றி அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும். புது சீல் போட்டும் மறுபடி கசிந்தால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிவிடும்.

ஆயில் உண்மையில் கசியும் இடம்தான் செலவைத் தீர்மானிக்கிறது. பழைய ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் சில்லறைக் காசு. டேப்பட் கவர் பேக்கிங் ஒரு மணி நேர வேலை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் பின்பக்க சீல் அப்படியில்லை: சாமான் விலை குறைவு, ஆனால் கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை போகும். கிளட்ச் மாற்றும்போதும் இறக்கப்போவது அதே கியர்பாக்ஸைத்தான். பின் சீல் லேசாகக் கசிந்தால் ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே ஓட்டி, கிளட்ச் வேலையோடு சேர்த்துச் செய்யுங்கள், ஒரு கூலி மிச்சம். கிராங்க்கின் முன்பக்க சீலைத் தள்ளிப்போடாதீர்கள். ஜென், சான்ட்ரோ, மாருதி 800 எல்லாவற்றிலும் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் அங்கேதான் ஓடுகிறது, ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெடும். இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டில் ஆயில் சொட்டிப் புகை வந்தாலும் காத்திருக்கக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து அது.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, பம்பர் என்று பழையதைத் தாராளமாக வாங்கலாம். சீலும் பேக்கிங்கும் மட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். சூட்டில் இறுகிய ரப்பர் திரும்ப மெத்தென்று ஆகாது.

மழைக்காலத்துக்கு ஒன்று. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் போலத் தண்ணீர் இன்ஜின் வரை ஏறியிருந்தால் சாவியைத் தொடாமல் டிப்ஸ்டிக்கை உருவுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த நிறம் தெரியாவிட்டாலும் ஸ்டார்ட் செய்யாமல், கட்டி இழுத்துத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.