மகன் கேட்கும் சுவிஃப்ட் குறியீடு

களுவாஞ்சிகுடியில் என் போட்டோப் பிரதிக் கடைக்கு வரும் அம்மாமார் அடிக்கடி கேட்பது இது: "தம்பி, மகன் கட்டாரிலிருந்து ஏதோ சுவிஃப்ட் கோட் கேட்கிறான். ஒரு துண்டில் எழுதித் தா."

வெளிநாட்டுக் காசு எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று காட்டும் குறியீடு அது. எழுதித் தருவது எளிது. ஆனால் முதலில் மகனிடம் ஒன்றைக் கேளுங்கள்: காசு கணக்குக்கு வருகிறதா, கையில் வாங்குவதா? கையில் வாங்குவதென்றால் அவன் தரும் இலக்கமும் உங்கள் அடையாள அட்டையும் போதும். குறியீட்டுக்கு வேலையே இல்லை.

கணக்குக்கு என்றால், இலங்கை வங்கியின் (பேங்க் ஒஃப் சிலோன்) குறியீட்டைப் பாருங்கள்: பி, சி, இ, வை, எல், கே, எல், எக்ஸ். முதல் நான்கு எழுத்தும் வங்கி, அடுத்த இரண்டும் இலங்கை, கடைசி இரண்டும் ஊர். அந்த ஊர் கொழும்புதான். "எங்கள் கிளை இதில் இல்லையே" என்று பதற வேண்டாம். எட்டு எழுத்து போதும். படிவம் பதினொன்று கேட்டால் பின்னால் மூன்று எக்ஸ் போடுங்கள். அது தலைமையகத்தைக் குறிக்கும். மற்ற வங்கிகளுக்கு வேறு குறியீடு. அதைக் கிளையிலோ வங்கியின் இணையத்தளத்திலோ எடுங்கள். முகநூலில் யாரோ போட்டதை நம்பவே வேண்டாம்.

குறியீடு காசை வங்கி வரைக்கும்தான் கொண்டுவரும். உங்களிடம் சேர்ப்பது கணக்கிலக்கமும் பெயரும். தொல்லை பெரும்பாலும் பெயரில்தான். மகன் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிடுவான். வங்கிப் புத்தகத்திலோ தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் ஓர் எச் கூடவோ குறையவோ இருக்கும். கிளை சந்தேகப்பட்டால் காசு அங்கேயே நிற்கும். ஆகவே வாயால் சொல்லாதீர்கள், புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்புங்கள்.

வளைகுடா நாட்டுப் படிவங்களில் ஐபான் என்றொரு கட்டம் இருக்கும். நாடுகளுக்கிடையே காசு அனுப்பப் பயன்படும் நீண்ட கணக்கிலக்கம் அது. கட்டாரில் அது 29 எழுத்தும் இலக்கமுமாக நீளும். இலங்கையில் அந்த முறையே இல்லை. நம் கணக்கிலக்கத்தையே கொடுக்க வேண்டும்.

கட்டணம் யார் தலையில் என்றும் படிவம் கேட்கும். அனுப்புபவரே முழுதும் கட்டலாம், பகிரலாம், பெறுபவர் மீது போடலாம். பகிர்ந்தால் இடையிலுள்ள வங்கி கொஞ்சம் கழித்துக்கொள்ளக்கூடும். தொகை குறைந்ததென்று மகனோடு சண்டை பிடிக்காதீர்கள்.

நாட்கள் போயும் காசு வரவில்லையென்றால், காசு அனுப்பியதற்கான சுவிஃப்ட் செய்தியின் பிரதியை, அனுப்பிய வங்கியிடம் மகன் கேட்டு வாங்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் நான் அச்சடித்துத் தருகிறேன், கிளையில் காட்டித் தேடச் சொல்லுங்கள்.