குரலுக்கு பிளேட் ரிவெர்ப்: டீகேயைக் கடைசியில் தொடுங்கள்

குரலுக்கு எதிரொலி வால் சேர்க்கும் பிளேட் ரிவெர்ப் பிளகினை (இசைப்பதிவு மென்பொருளில் சேர்க்கும் கருவி) திறந்ததும் கை நேராக டீகே குமிழுக்குத்தான், அதாவது அந்த வால் அடங்கும் நேரத்தை மாற்றும் குமிழுக்குத்தான் போகும். ஆனால் மிக்ஸ் சேறாவதற்குப் பெரும்பாலும் வாலின் நீளம் காரணமல்ல. ரிவெர்புக்குள் எது போகிறது, எவ்வளவு தாமதித்துப் போகிறது என்பதுதான் காரணம். அவற்றை முதலில் சரிசெய்தால் டீகே வேலை சுருக்கமாக முடிந்துவிடும்.

இந்த வகைப் பிளகின்களில் பல, 1957-ல் ஜெர்மனியில் வெளிவந்த ஈஎம்டி 140 என்ற கருவியைப் பின்பற்றியவை. சுமார் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு டிரைவர் தகட்டை அதிரவைக்கும், பிக்கப் அந்த அதிர்வை எடுக்கும். அறையில் முதலில் சுவர்களிலிருந்து தனித்தனி எதிரொலிகள் வந்து, பிறகுதான் அவை நெருக்கமாகும். தகட்டில் ஏறக்குறைய தொடக்கத்திலேயே ஒலி அடர்த்தியாகிவிடும். உயர் அதிர்வெண்கள் தகட்டில் வேகமாக ஓடி முதலில் வந்து சேர்வதால்தான் அந்தப் பளபளப்பு. கீழ் அதிர்வெண்களோ அடங்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல பிளகின் இந்த இரண்டு குணங்களையும் அப்படியே தரும், தொல்லைகளோடு சேர்த்து.

முதலில் வயரிங். குரல் டிராக்கிலேயே இன்சர்ட் செய்யாமல் தனி ஆக்ஸ் டிராக் (குரலின் நகல் போகும் துணை டிராக்) திறந்து பிளேட்டை அதில் போடுங்கள். மிக்ஸ் குமிழ் 100 சதவீதம் ‘வெட்’ (wet, ரிவெர்ப் ஒலி மட்டும்) நிலையில் இருக்கட்டும். 40 சதவீதத்தில் விட்டால் டிரை குரல் (ரிவெர்ப் சேராத குரல்) இரண்டு வழியாக வந்து லெவல் ஏறிவிடும். ரிவெர்பைக் கூட்டுவதாக நினைத்துக் குரலைத்தான் கூட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆக்ஸுக்கு நகலை அனுப்பும் சென்ட், போஸ்ட் ஃபேடராக (குரலின் லெவல் குமிழான ஃபேடருக்குப் பிறகு எடுப்பதாக) இருக்க வேண்டும். ப்ரீ ஃபேடரில் இருந்தால், குரலின் ஃபேடரை இறக்கிய பிறகும் ரிவெர்ப் மட்டும் தனியே மிதக்கும்.

அடுத்தது ஃபில்டர். பிளேட்டுக்கு முன்னால் ஒரு ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு, கீழ் அதிர்வெண்களை நீக்கும் லோ கட்டை 300 ஹெர்ட்ஸில் தொடங்கி, பாடல் ஓடும்போதே மெல்ல மேலே நகர்த்துங்கள். கிட்டாரும் பேஸும் நிறைந்த பாடலில் 500, 600 வரை போகலாம். சோலோவில் (ரிவெர்பை மட்டும் தனியாக) கேட்டால் ரிவெர்ப் தகர டப்பா போல ஒல்லியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து லோ கட்டை இறக்காதீர்கள். மற்ற டிராக்குகளோடு சேர்த்துக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மேல்பக்கம், உயர் அதிர்வெண்களை நீக்கும் ஹை கட்டை 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள் வையுங்கள்.

‘ச’, ‘ஸ’ ஒலிகள் ரிவெர்பில் சீறினால் ஹை கட்டை இன்னும் இறக்குவது தவறான மருந்து. பளபளப்பு முழுவதும் போய்விடும், சீறல் கொஞ்சம்தான் குறையும். ஆக்ஸில் பிளேட்டுக்கு முன், சீறலை அமுக்கும் டீ-எஸ்ஸர் ஒன்றைப் போட்டு, குரல் டிராக்கில் வைப்பதைவிடத் தாராளமாக 6 முதல் 8 டெசிபல் வரை அமுக்குங்கள். நேரடிக் குரலில் இப்படிச் செய்தால் பாடுபவருக்கு நாக்குத் தடித்தது போலிருக்கும். ரிவெர்புக்குப் போகும் நகலில் அது காதுக்குத் தெரியாது.

இப்போது ப்ரீ டிலே, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான தாமதம். அசல் தகட்டில் இது கிடையாது. ஸ்டுடியோக்களில் டேப் இயந்திரம் வழியாகத் தாமதப்படுத்திய பிறகே ஒலியைத் தகட்டுக்கு அனுப்புவார்கள். பூஜ்யத்தில் விட்டால் ரிவெர்ப் மெய்யெழுத்துகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு சொற்கள் மங்கும். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு பீட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்) என்றால் சுமார் 667. அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 42, நல்ல தொடக்கம். மெதுவான பாட்டில் 80 வரைகூடப் பொருந்தும். ரிவெர்ப் தனி எதிரொலியாகப் பிரிந்து கேட்டால் எல்லை தாண்டிவிட்டது.

கடைசியாக டீகே. வேகமான பாடலுக்கு 1 முதல் 1.4 விநாடி, மெலடிக்கு 1.8 முதல் 2.5. திரையில் காட்டும் எண் பொதுவாக ஒலி 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம். மிக்ஸில் வால் அதற்கு வெகு முன்பே மறைந்துவிடும் என்பதால் எண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியை லூப்பில் ஓடவிட்டு, முந்தைய வால் அடுத்த வரியின் முதல் சொல்லைத் தொடாத அளவுக்குக் குறையுங்கள்.

அளவுக்கு: ரிடர்ன் ஃபேடரை (ரிவெர்ப் திரும்பி வரும் ஆக்ஸ் டிராக்கின் ஃபேடரை) முழுக்க இறக்கி மெல்ல ஏற்றுங்கள். ரிவெர்ப் இருப்பது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, 2 டெசிபல் இறக்குங்கள். பிறகு மியூட் செய்து பாருங்கள். குரல் சட்டென்று வறண்டு தெரிந்தால் அளவு சரி. அப்போதும் ரிவெர்ப் சொற்களை மூடினால், குரலையே சைட் செயினாக (கம்ப்ரஸரை இயக்கும் தூண்டுதலாக) கொடுத்து ரிடர்னில், லெவலைத் தானே இறக்கும் கம்ப்ரஸர் ஒன்றை வையுங்கள். பாடும்போது 3 டெசிபல் இறங்கி, 200 மில்லி விநாடி ரிலீஸில் (லெவல் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) மீண்டால் போதும்.

ஸ்நேர் டிரம்மையும் அதே பிளேட்டுக்கு அனுப்பினால் சில சமயம் உலோகத்தனமான ‘ணங்’ ஒலி வரும். டிஃப்யூஷனை (எதிரொலிகளின் நெருக்கம்) ஏற்றியும் மாடுலேஷனை (வாலைச் சற்றே அசைத்துக்கொண்டிருப்பது) கொஞ்சம் கூட்டியும் பாருங்கள். மாடுலேஷன் அதிகமானால் பியானோவின் நீண்ட சுரங்கள் சுருதி தள்ளாடும். பியானோ போகும் பிளேட்டில் அதை ஏறக்குறைய அணைத்தே வையுங்கள். ஐஆர் கோப்பில் (அசல் கருவி அல்லது இடத்தின் எதிரொலியைப் பதிவுசெய்த கோப்பு) இயங்கும் பிளகினில் இந்தக் குமிழ்கள் பெரும்பாலும் இருக்காது. அதில் டீகேயை வெகுவாக மாற்றினால் ஒலி செயற்கையாகும். தேவையான நீளத்துக்கு அருகில் உள்ள வேறு ஐஆரைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

மோனோவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ரிவெர்ப் பாதி காணாமல் போனால் பிளகினின் விட்த் (ஸ்டீரியோ அகலம்) அளவைக் குறைக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது கடைசிச் சுரத்துக்குப் பிறகு டீகேயைவிட 2 விநாடி கூடுதலாக இடம் விடுங்கள், இல்லையென்றால் வால் கத்தரித்தது போல நின்றுவிடும்.