என்.எஃப்.எல். புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 பிப்ரவரி 5 அன்று ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டத்தின் புள்ளிவிவரத்தை, இறுதி ஸ்கோரை மட்டும் மறைத்துவிட்டு, அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவரிடம் காட்டினால் என்ன சொல்வார்? அட்லாண்டா ஃபால்கன்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மேட் ரயன் 23 பாஸ்கள் எறிந்ததில் 17 கைசேர்ந்தன, 284 யார்டு, 2 டச்டவுன் (எதிரணியின் கடைக்கோட்டுக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் 6 புள்ளி), எதிரணி பறித்த பாஸ் ஒன்றுகூட இல்லை, பாஸர் ரேட்டிங் 144.1. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் டாம் பிரேடி 62 எறிந்து 43 கைசேர்ந்தன. 466 யார்டு, 2 டச்டவுன். அவர் எறிந்த ஒரு பாஸை ராபர்ட் ஆல்ஃபர்ட் பறித்து, 82 யார்டு ஓடி டச்டவுனாக்கினார். பிரேடியின் ரேட்டிங் 95.2. ரயனின் அணிதான் வென்றிருக்கும் என்றே பலரும் சொல்வார்கள். வென்றது பேட்ரியட்ஸ். 28-3 என்று பின்தங்கியிருந்த அணி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது.

இந்த எண்களில் எதுவும் பிழையில்லை. பாஸர் ரேட்டிங்கை ஆட்டக்காரருக்குப் போட்ட மொத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதுதான் பிழை, எல்லாத் தவறுகளிலும் இதுவே அதிகம் நடக்கிறது. 1973 முதல் என்.எஃப்.எல். பயன்படுத்தும் இந்தக் கணக்கில் நான்கே விஷயங்கள் உண்டு: எத்தனை சதவீதப் பாஸ்கள் கைசேர்ந்தன, ஒரு பாஸுக்குச் சராசரி எத்தனை யார்டு, எத்தனை சதவீதம் டச்டவுன் ஆயின, எத்தனை சதவீதம் பறிபோயின. நான்குக்கும் உச்சவரம்பு இருப்பதால் 158.3க்கு மேல் யாரும் போக முடியாது. அடிப்பக்கமும் விசித்திரமானது. எறிந்த பாஸ் அத்தனையும் வெறும் தரையில் விழுந்தாலும், ஒன்றும் பறிபோகாதவரை 39.6 கிடைத்துவிடும்.

இப்போது ரயனின் 144.1க்குள் எது இல்லை என்று பாருங்கள். நான்காவது கால்பகுதியில் ஸ்கோர் 28-12. பேட்ரியட்ஸின் டோன்டா ஹைடவர் பாய்ந்து வந்து ரயனின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார்; பந்து பேட்ரியட்ஸ் வசமானது; சில நிமிடங்களில் 28-20. அது பாஸ் அல்ல என்பதால் ரேட்டிங்கில் ஏறவில்லை. அடுத்த முறை ஃபால்கன்ஸ் எதிரணியின் 22 யார்டு கோடுவரை வந்துவிட்டது. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டை ஒட்டி அற்புதமாகப் பிடித்த பந்து அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்திருந்தால் முன்னிலை 11 புள்ளி ஆகியிருக்கும்; ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஃபால்கன்ஸ் பாஸுக்குப் போனது. டிரே ஃபிளவர்ஸ் ரயனை 12 யார்டு பின்னால் வீழ்த்தினார். அடுத்து 10 யார்டு அபராதம். உதை எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டார்கள், பந்தை எதிரணிக்கே உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாஸ் எறியும் முன்பே குவாட்டர்பேக் இப்படி வீழ்த்தப்படுவதற்கு ‘சாக்’ என்று பெயர். ஆட்டத்தைத் திருப்பிய இந்த இரண்டு சாக்குகளுக்கும் ரேட்டிங்கில் இடமில்லை. ஆகவே ரேட்டிங்கைச் சொல்லும்போது சாக்குகளையும் நழுவவிட்ட பந்துகளையும் கூடவே சொல்லுங்கள். அந்த ஆட்டத்தில் ரயன் 5 முறை சாக் ஆனார், மொத்தம் 44 யார்டு போயிற்று.

சாக் பற்றிப் பேசும்போதே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பிரேடி 466 யார்டு எறிந்தார் என்கிறோம். அணியின் பாஸ் கணக்கிலோ 442தான் இருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்தப் போகிறவர்கள் உண்டு. என்.எஃப்.எல். முறையில் சாக்கில் இழந்த யார்டுகளை அணியின் பாஸ் கணக்கிலிருந்துதான் கழிப்பார்கள், குவாட்டர்பேக்கின் சொந்தக் கணக்கில் கை வைப்பதில்லை. பிரேடியும் 5 முறை வீழ்த்தப்பட்டு 24 யார்டு இழந்தார். 466இல் அதைக் கழித்தால் 442. கல்லூரிக் கால்பந்தில் வழக்கம் வேறு. அங்கே சாக் யார்டுகள் ஓட்டக் கணக்கில் கழிகின்றன. இரண்டு மட்டங்களின் ஓட்ட எண்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிடுவது அதனால்தான் சரிவராது.

மொத்தத்தை மட்டும் பார்ப்பதும், சராசரியை மட்டும் பார்ப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை. அதே ஆட்டத்தில் பேட்ரியட்ஸ் 546 யார்டு, ஃபால்கன்ஸ் 344. நசுக்கிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் பேட்ரியட்ஸ் ஆடியது 93 பிளே (பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிளே), ஃபால்கன்ஸ் 46. ஒரு பிளேவுக்குப் பார்த்தால் ஃபால்கன்ஸ் 7.5 யார்டு, பேட்ரியட்ஸ் 5.9. அப்படியானால் ஃபால்கன்ஸ்தான் நன்றாக ஆடியதா? ஒவ்வொரு முறை பந்து கிடைத்தபோதும் வேகமாக முன்னேறினார்கள், உண்மை. ஆனால் பந்து பேட்ரியட்ஸ் கையில் 40 நிமிடம் 31 விநாடி இருந்தது, ஃபால்கன்ஸ் கையில் 23 நிமிடம் 27 விநாடிதான். 93 பிளே தடுத்து நின்ற தற்காப்பு ஆட்டக்காரர்களின் கால்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பது எந்தச் சராசரியிலும் தெரியாது. இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்தால்தான் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுவது, தொலைக்காட்சி வர்ணனையில் அடிக்கடி கேட்கும் தவறு. “இவர் 100 யார்டு ஓடினால் அணி தோற்பதே இல்லை” என்பார்கள். ஓடியவர் எல்லைக்குள் வீழ்த்தப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் கைசேராமல் விழுந்தால் நின்றுவிடும். எனவே முன்னிலையில் இருக்கும் அணி நேரத்தைக் கரைக்கப் பந்தை ஓடுபவரிடமே திரும்பத் திரும்பக் கொடுக்கும். வெற்றி நெருங்கியதால் ஓட்டங்கள் கூடுகின்றன. பாஸ் யார்டுகளுக்கு நேரெதிர் நிலை: பின்தங்கிய அணிதான் விடாமல் எறியும். அடுத்த ஆண்டு சூப்பர் பவுலில் பிரேடி 505 யார்டு எறிந்தார், ஒரு பாஸும் பறிபோகவில்லை. அணி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் 41-33 என்று தோற்றது. எறிந்து குவித்தவர் எல்லாம் தோற்பார் என்று இதையும் விதியாக்கிவிட வேண்டாம். ஒரே ஆட்டத்தில் 554 யார்டு என்ற சாதனையை 1951இல் படைத்த நார்ம் வேன் பிராக்லின் அன்று 54-14 என்று வென்றார்.

புள்ளிகளைக் கூட்டும்போது ஒரு சிறு கவனம் தேவை. பேட்ரியட்ஸின் ஜேம்ஸ் வைட் அன்று 20 புள்ளி எடுத்தார்: மூன்று டச்டவுன், டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பான ஒரு இரண்டு புள்ளி முயற்சி. அந்த முயற்சி டச்டவுன் ஆகாது. அதில் ஓடிய தூரமும் யார்டு கணக்கில் சேராது.

மைல்கற்களுக்கு வருவோம். இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பேரேட்டிலிருந்து வந்த எண் என்பதுதான். என்.எஃப்.எல். சாதனைப் பட்டியல்களில் லீக் சுற்றும் பிளே-ஆஃப் சுற்றும் தனித்தனி. ரஞ்சி சதங்களை டெஸ்ட் சதங்களோடு கூட்டி யாரும் பட்டியல் போடுவதில்லை அல்லவா? 2024 சீசனில் ஈகிள்ஸின் சாக்வான் பார்க்லி லீக் சுற்றில் 2,005 யார்டு ஓடினார். எரிக் டிக்கர்சன் 1984இல் ஓடிய 2,105ஐ முந்த 101 யார்டு தேவைப்பட்ட நிலையில், கடைசி லீக் ஆட்டத்தில் அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். பிளே-ஆஃபில் மேலும் 499 ஓடினார். கூட்டினால் 2,504, இரண்டு சுற்றும் சேர்த்த கணக்கில், டெரல் டேவிஸ் 1998 சீசனில் எடுத்த 2,476ஐத் தாண்டிய சாதனை. ஆனால் ஒரு சீசன் ஓட்டச் சாதனை டிக்கர்சனிடமே இருந்தது. “பார்க்லி சாதனையை முறியடித்தார்” என்று மொட்டையாக எழுதினால் பாதி வாசகர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். பிரேடி விஷயத்திலும் இதேதான்: அவருடைய 1,02,614 யார்டு பிளே-ஆஃபையும் சேர்த்தது, லீக் சுற்றில் மட்டும் 89,214.

சீசனின் நீளத்தையும் மறந்துவிடக் கூடாது. ஓ.ஜே. சிம்ப்சன் 1973இல் 2,003 யார்டு ஓடியபோது சீசனுக்கு 14 ஆட்டம்தான். டிக்கர்சனுக்கு 16. 2021 முதல் 17. ஆட்டத்துக்குச் சராசரி பார்த்தால் சிம்ப்சன் 143, டிக்கர்சன் 131.6, ஓய்வு போக 16 ஆட்டம் ஆடிய பார்க்லி 125. என்னைக் கேட்டால் மூவரில் சிம்ப்சனின் சீசனே பெரியது. பட்டியலின் வரிசை அதைக் காட்டாது. சாக் கணக்கில் வேறொரு பள்ளம் இருக்கிறது. 1982 முதல்தான் அது அதிகாரபூர்வமாக எண்ணப்படுகிறது. அதற்கு முன் ஆடிய டீக்கன் ஜோன்ஸ் போன்ற தற்காப்பு ஆட்டக்காரர்களின் பெயர் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை என்பதால் “வரலாற்றிலேயே அதிகம்” என்று எழுதுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. “1982க்குப் பின்” என்று சேர்த்தால் போதும்.

ஆட்டம் முடியும் முன்பே மைல்கல்லை அறிவிப்பது இன்னொரு தவறு. 1972 சீசனின் கடைசி ஆட்டத்தில், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக, ஃபால்கன்ஸின் டேவ் ஹாம்ப்டன் 1,000 யார்டைத் தொட்டார். ஆட்டத்தை நிறுத்திப் பந்தை அவரிடம் பரிசாகக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அவர் பந்தோடு பின்னால் தள்ளப்பட்டு 6 யார்டு இழந்தார். சீசன் முடிவில் 995. மறுஆண்டு 997. 1975இல்தான் 1,002 எடுத்தார். ஓட்டக் கணக்கு ஏறுவதுபோல இறங்கவும் செய்யும்.

இறுதி விசில் ஊதிய பிறகும் எண் மாறலாம். ஆட்டக் குறிப்புகளை எலியாஸ் ஸ்போர்ட்ஸ் பீரோ என்ற புள்ளிவிவர நிறுவனம் மறுபடி சரிபார்க்கிறது. 2013 சீசனின் கடைசி ஆட்டத்தில் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங், அந்தச் சீசன் முழுவதும் எறிந்த 5,477 யார்டோடு, டுரூ பிரீஸின் ஒரு சீசன் சாதனையான 5,476ஐ ஒரே ஒரு யார்டு வித்தியாசத்தில் முந்தினார். ஆனால் எரிக் டெக்கருக்கு அவர் கொடுத்த 7 யார்டு பாஸ் முன்னோக்கிப் போனதா, பின்னோக்கிப் போனதா என்ற கேள்வி எழுந்தது. பின்னோக்கி எறிந்தால் அது ஓட்டக் கணக்கு. ஏழு யார்டும் போய், சாதனையும் போயிருக்கும். மறுபரிசீலனைக்குப் பிறகே அது முன்னோக்கிய பாஸ் என்று உறுதியானது. இப்படி நூலிழையில் நிற்கும் சாதனையை ஆட்டம் முடிந்த இரவிலேயே எழுத நேர்ந்தால், “மறுபரிசீலனைக்கு உட்பட்டது” என்று ஒரு வரி சேருங்கள். திருத்தங்கள் வெளியான பின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.