சீனக் கிராமச் சந்தையில் விரல்களைப் படியுங்கள்

யுனான் மாகாணத்து ஷாசி, தேயிலை வணிகர்கள் குதிரைகளோடு சென்ற பழைய 'தேயிலைக் குதிரைப் பாதை'யில் அமைந்த சிற்றூர். வெள்ளிக்கிழமை அங்கே சந்தை கூடும். சுற்றுமலைகளிலிருந்து பாய், யீ இன மக்கள் முதுகில் கூடை சுமந்து வந்து இறங்குவார்கள். பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

மொழி தெரியாமல் போகிறவர்கள் முதலில் விரல்கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருந்தால் ஆறு. போன் செய்யச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்திருந்தால் எட்டு. இதைத்தான் நாம் இரண்டு என்று நினைத்து ஏமாறுகிறோம். பேரிக்காய் விற்ற பாட்டியிடம் நானும் இரண்டு யுவானை நீட்டினேன். அவர் பொறுமையாக என் விரல்களைப் பிடித்து மடக்கி, எட்டைச் செய்து காட்டினார். சுட்டுவிரலைக் கொக்கிபோல வளைத்தால் ஒன்பது.

எடையிலும் கவனம் தேவை. விலை சொல்வது கிலோவுக்கு அல்ல, 'ஜின்'னுக்கு. ஒரு ஜின் 500 கிராம். ஆகவே கிலோ விலை அறிய இரண்டால் பெருக்குங்கள்.

கிழங்கு விற்பவர்கூடக் க்யூஆர் அட்டை வைத்திருப்பார். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். சில்லறை யுவானும் கொஞ்சம் இருக்கட்டும்.

ஆட்டுப்பாலில் செய்த 'ரூபிங்' பாலாடைக்கட்டியைச் சுட்டோ பொரித்தோ தருவார்கள். நம் பனீர் போலவே இருக்கும். அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள்.