சயின்ஸ் எழுத வர்றவங்க பண்ற தப்புகள், முக்கியமா அந்த சதவீதக் கூத்து

புதுசா சயின்ஸ் எழுத, வீடியோ போட வர்றவங்களோட ஸ்க்ரிப்ட்டைத் திருத்திக் குடுக்கறதுல என் பொழுது பாதி போகுது. நாங்கல்லாம் ஆரம்பத்துல அடிச்ச கூத்தை ஒண்ணு விடாம திரும்ப அடிக்கிறாங்க. எழுத்துப்பிழை, யூனிட்டை மாத்திப் போடறது இதெல்லாம் கமென்ட்ல எவனாவது கத்தித் திருத்திடுவான், அதை விடுங்க.

ரெண்டு மடங்கு சரி, எதுல ரெண்டு மடங்கு?

இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இதுதான். 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல மருந்துப் பாதுகாப்புக் குழு, மூணாம் தலைமுறைங்கற புது வகை கருத்தடை மாத்திரையால ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டு வர்ற ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு எச்சரிக்கை விட்டுச்சு. பேப்பர், டிவி எல்லாம் அலறவும் பயந்துபோய் ஏகப்பட்ட பேர் மாத்திரையையே நிறுத்திட்டாங்க. அசல் கணக்கு என்னன்னா, பழைய மாத்திரையில 7,000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது புதுசுல 7,000 பேர்ல ரெண்டு பேருக்கு வந்துச்சு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல மட்டும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடுச்சுன்னு மதிப்பிடறாங்க. கொடுமை என்னன்னா, கர்ப்பமா இருக்கறப்ப ரத்தக்கட்டு வர்ற ஆபத்து அந்த மாத்திரையால வர்றதை விட அதிகம்.

"ரெண்டு மடங்கு"ங்கறது பொய்யில்ல, அதான் கடுப்பே. பொய்யா இருந்தா மறுத்துட்டுப் போயிடலாம்.

போன மாசம் ஒரு தம்பி ஸ்க்ரிப்ட் அனுப்பினான், தலைப்பு "சாசேஜ் சாப்பிட்டா 18% கேன்சர்!". 2015ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது, சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சியை தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18% கூடும்னு. அப்ப 100 பேர் சாப்பிட்டா 18 பேருக்கு வருமாப்பான்னு கேட்டேன். "ஆமாண்ணே, அதானே போட்டிருக்கு"ங்கறான். வாழ்நாள்ல 100 பேர்ல 5 பேருக்கு அந்த நோய் வரும்னு வச்சுக்கிட்டா, 18% கூடினா கிட்டத்தட்ட 6 பேர். கூடுதலா ஒருத்தர், 18 பேர் இல்ல! போதாக்குறைக்கு அந்த நிறுவனத்தோட புற்றுநோய்க் காரணிப் பட்டியல்ல சிகரெட்டும் சாசேஜும் ஒரே பிரிவுல இருக்குன்னு ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருந்தான். அந்தப் பட்டியல் சொல்றது ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதை, ஆபத்து எவ்வளவு பெருசுங்கறதை இல்ல.

மருந்து கம்பெனி பிரஸ் ரிலீஸ்ல இதே வித்தையைத் திருப்பிப் போடுவாங்க, 100க்கு 2 பேருக்கு வந்தது 1 ஆனா "பாதியாகக் குறைத்தது"ன்னு. அதனால சதவீதத்தைப் பார்த்த உடனே ஆராய்ச்சிக் கட்டுரையோட டேபிளுக்குப் போங்க, முன்னாடி எத்தனை பேர் அப்புறம் எத்தனை பேர்னு தேடுங்க. கிடைக்கலைன்னா அந்த நம்பரையே போடாதீங்க.

எலி

எலியில பண்ண ஆராய்ச்சின்னா தலைப்புலயே எலின்னு போடுங்க.

கலர் யார் குடுத்தது?

2019 ஏப்ரல்ல வந்த எம்87ங்கற கேலக்ஸியோட கருந்துளைப் படம் ரேடியோ தொலைநோக்கிகள் திரட்டின டேட்டா, அந்த ஆரஞ்சு கலர் மனுஷங்க தேர்ந்தெடுத்தது. வெறும் "போட்டோ"ன்னு சொல்லி விட்டீங்கன்னா, பின்னாடி விஷயம் தெரிஞ்சவன் மொத்தமும் கிராபிக்ஸ்னு கிளப்பி விடுவான். வடிவம் டேட்டாவுல இருந்து வந்தது, கலர் சேர்த்ததுன்னு ஒரு வரி போதும்.

"விஞ்ஞானிகள் சொல்றாங்க"

எந்த விஞ்ஞானிங்க?

கேக்காம போடறது

ஆராய்ச்சிக் கட்டுரையிலயே மெயில் ஐடி இருக்கும். சந்தேகப்படற ரெண்டு வரியை மட்டும் அனுப்பி சரியான்னு கேளுங்க, நிறைய பேர் பதில் போடுவாங்க. முழு ஸ்க்ரிப்ட்டை மட்டும் அனுப்பிடாதீங்க, உக்காந்து முழுசையும் அவங்க கட்டுரை மாதிரியே மாத்திக் குடுத்துடுவாங்க.