வேரைச் சுற்றி ஓடும் மின்னோட்டம்: எங்கே தவறிப்போகிறோம்?

வளரும் வேரைச் சுற்றி மின்சாரம் ஓடுகிறது என்றதும் பலர் ஒயரைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆனால் இங்கே ஓடுவது எலக்ட்ரான் இல்லை, அயனிகள். செல் சவ்வில் உள்ள பம்புகள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து புரோட்டான்களை (அதாவது ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளுகின்றன, அவை வேரின் இன்னொரு பகுதி வழியாகத் திரும்ப உள்ளே வருகின்றன, இப்படி வேருக்கும் வெளியே உள்ள நீருக்கும் இடையே ஒரு சுற்று உருவாகிறது. பார்லி வேரில் 1979-இல் அளந்தபோது, நீளும் பகுதியிலும் வளரும் வேர்த்தூவிகளின் நுனியிலும் மின்னோட்டம் உள்ளே நுழைவது தெரிந்தது. அளவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மைக்ரோஆம்பியர். இதில் பெரும்பங்கு புரோட்டான்களுடையது என்பதே அந்த ஆய்வின் முடிவு.

அதிகம் தவறு நடப்பது திசையில்தான். மின்னோட்டம் உள்ளே பாய்கிறது என்றால் நேர்மின் அயனி உள்ளே போகிறது என்றே பலர் எழுதிவிடுகிறார்கள், ஆனால் குளோரைடு போன்ற எதிர்மின் அயனி வெளியேறினாலும் கருவி அதே திசையைத்தான் காட்டும். இந்த அளவீட்டுக்கான கருவி, 1974-இல் ஜாஃபி, நுசிடெல்லி என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய அதிர்வு மின்முனை; வேருக்கு வெளியே சிறு தூரம் முன்னும் பின்னும் அதிர்ந்து மின்னழுத்த வேறுபாட்டை அளக்கும் இது, எல்லா அயனிகளும் சேர்ந்த நிகரக் கணக்கை மட்டும்தான் தருகிறது. எந்த அயனி என்று தெரிய வேண்டுமானால் வேர் இருக்கும் கரைசலில் அயனிகளை மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட அயனியை மட்டும் உணரும் மின்முனை வேண்டும்.

சவ்வின் குறுக்கே இருக்கும் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை வெளியே அளப்பதோடு குழப்பவே கூடாது, மின்முனை அதிரும் குறுகிய தூரத்தில் கிடைப்பது மைக்ரோவோல்ட் கணக்குதான். அதோடு, உப்பு கூடிய கரைசலில் அதே மின்னோட்டம் இன்னும் சிறிய மின்னழுத்தத்தையே காட்டும், ஆகவே கரைசலின் கடத்துதிறனை அளக்காமல் இரண்டு சோதனைகளை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. வேரைக் கையாளும்போது காயம்பட்டால் அங்கிருந்து அயனிகள் கசிந்து, வளர்ச்சிக்குச் சம்பந்தமில்லாத பெரிய மின்னோட்டம் பதிவாகும். அதனால் கரைசலில் வைத்தவுடன் அளக்காதீர்கள், வேர் தேறட்டும், அது இன்னும் நீள்கிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.

சரி, மின்னோட்டம் ஓடும் இடத்தில் வளர்ச்சி நடப்பதால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் வேர் வேகமாக வளருமா? அப்படி முடிவுகட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மின்புலத்தில் வேர் வளையும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரியும், ஆனால் வளைவது வேறு, நன்றாக வளர்வது வேறு. புலம் வலுத்தால் செல்கள் சேதமடைந்து, அந்தப் பக்கம் வளர்ச்சி நின்றுபோனாலும் வேர் வளையத்தான் செய்யும்.