ஏ.டி. பட்டியலை நீங்களே போடுவது எப்படி: செஸ்னா 172 உதாரணத்தோடு

அமெரிக்காவில் செஸ்னா, பைபர் போன்ற பழைய சிறிய விமானங்களை வாங்குபவர்களில் பலர், வருடாந்தரச் சோதனையான ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷனை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ஏ.டி.யையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். ஏ.டி. என்றால் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ். ஒரு மாடலிலோ பாகத்திலோ ஆபத்தான குறை தெரியவந்தால் "இதைச் சோதி, இதை மாற்று" என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) போடும் கட்டாய உத்தரவு அது. கம்பெனி அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் வேறு; அதில் பெரிய எழுத்தில் 'மேண்டேட்டரி' என்று இருந்தாலும், சொந்த உபயோகத்துக்குப் பறப்பவரை ஏ.டி. கட்டுப்படுத்துவதுபோல அது கட்டுப்படுத்தாது. ஏ.டி.யை நிறைவேற்றாமல் பறந்தால் விதிமீறல். எஃப்.ஏ.ஏ.வின் 91.403 விதிப்படி முதல் பொறுப்பு உரிமையாளருக்குத்தான்.

நாங்கள் கூட்டாக வாங்கிய 1970களின் 172எம்மோடு வந்த லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேடு), பல வருடங்களுக்கு "எல்லா ஏ.டி.யும் முடிந்தது" என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்த ஏ.டி., எந்த முறையில், எத்தனை மணி பறந்தபோது, அடுத்தது எப்போது, எதுவும் இல்லை. 91.417 விதி கேட்பதே இந்த விவரங்களைத்தான். அதனால் முழுப் பட்டியலையும் புதிதாகப் போட்டோம்.

படி 1: விமானத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

இந்தப் படிதான் எங்களை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது, அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். "செஸ்னா 172எம்" என்று தேடினால் வருவது விமானத்தின் உடற்கூட்டுக்கான (ஏர்ஃப்ரேம்) ஏ.டி.கள் மட்டும். என்ஜினுக்குத் தனியாகத் தேட வேண்டும், எங்களுடையது லைகோமிங் ஓ-320-ஈ2டி. புரொப்பெல்லருக்குத் தனி. அதற்குப் பிறகும் மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது), கார்புரேட்டர், இக்னிஷன் சுவிட்ச், ஈ.எல்.டி. (விபத்தில் இருக்குமிடம் காட்டும் ரேடியோ), ஆயில் ஃபில்டர் அடாப்டர், சீட் பெல்ட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இவை 'அப்ளையன்ஸ்' பிரிவில் வரும், விமானத்தின் பெயரைப் போட்டால் கண்ணிலேயே படாது.

நல்ல உதாரணம் சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச். பெண்டிக்ஸ் சுவிட்ச் என்றால் 76-07-12, ஒவ்வொரு 100 மணிக்கும் சோதனை: என்ஜின் ஐடிலில் ஓடும்போது சாவியை ஆஃபையும் தாண்டி அது போகும் மட்டும் திருப்ப வேண்டும், என்ஜின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சுவிட்ச் மேக்னெட்டோவைச் சரியாகத் துண்டிக்கவில்லை. அப்படிப்பட்ட விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் அசைத்தாலே என்ஜின் திடீரென்று ஸ்டார்ட்டாகிச் சுற்றலாம். நடுவில் யாராவது சுவிட்சையே மாற்றி ஏ.சி.எஸ். கம்பெனியுடையதைப் போட்டிருந்தால் பழைய ஏ.டி. போய், 93-05-06 வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது வருட விமானத்தில் இப்படி எத்தனை பாகம் கைமாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே லாக்புக்கில் இருப்பதை நம்பாமல், என்ஜின் மூடியான கவுலிங்கைக் கழற்றியிருக்கும்போது ஒவ்வொரு தகட்டையும் போட்டோ எடுங்கள். மாடல் நம்பர், சீரியல் நம்பர் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் என்ஜினுக்கு அடியில் இருப்பதால் அதன் தகட்டை எட்டிப் பார்ப்பது சிரமம். நீளமான கைப்பிடி உள்ள சின்னக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் போதும். இதற்காக கேமரா வைத்த விலையுயர்ந்த போரோஸ்கோப் வாங்க வேண்டியதில்லை.

படி 2: தேடுங்கள்

எஃப்.ஏ.ஏ.வின் டி.ஆர்.எஸ். என்ற விதித் தொகுப்புத் தளத்தில் எல்லா ஏ.டி.யும் இலவசமாகக் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கும் ஏ.டி. மென்பொருள்களைவிட சாதாரண ஸ்ப்ரெட்ஷீட்தான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் நாமே திறந்து படித்தால்தான் மனதில் நிற்கும். நம்பரை வைத்தே கொஞ்சம் புரிந்துகொள்ளலாம்: 2011-10-09 என்றால் 2011ஆம் வருடம், பத்தாவது இரண்டு வாரக் காலம், அதில் ஒன்பதாவது உத்தரவு.

படி 3: யாருக்குப் பொருந்தும் என்ற பத்தியைப் படியுங்கள்

சீரியல் நம்பர் வரம்பு பாருங்கள். பொருந்தாது என்றாலும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ஏன் பொருந்தாது என்று பக்கத்தில் எழுதினால் அடுத்த வருடம் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

படி 4: லாக்புக்கில் ஆதாரம் தேடுங்கள்

ஒருமுறை செய்தால் போதும் என்ற வகைக்கு 96-09-10 ஓர் உதாரணம். லைகோமிங் ஆயில் பம்பின் இம்பெல்லரை மாற்றச் சொல்வது. என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்த ஓவர்ஹால் குறிப்பில் அந்த நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தான ஏ.டி.யிலும் கவனம் வேண்டும். செஸ்னா சீட் ரெயிலுக்கு (சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம்) முன்பு 87-20-03 இருந்தது, 2011இல் 2011-10-09 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய நம்பரையே எழுதிய என்ட்ரியை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த சீட் ரெயில் ஏ.டி.யை எல்லோரும் ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். டேக்-ஆஃபில் மூக்கு மேலே தூக்கும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கினால், பைலட் அனிச்சையாக யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடி) பிடித்து இழுப்பார், விமானம் ஸ்டாலுக்குப் போகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. சீட்டின் முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சீட்டைப் பூட்டும் ஊசி (pin) ரெயில் துளைக்குள் குறைந்தது 0.15 அங்குலம் இறங்குகிறதா என்று ஒவ்வொரு துளையிலும் பார்க்க வேண்டும். துளை தேய்ந்து நீள்வட்டமாகி 0.42 அங்குலத்தைத் தாண்டினால் ரெயிலை மாற்றியாக வேண்டும். அளக்க ஒரு டிஜிட்டல் காலிப்பர் போதும், கண் மதிப்பு உதவாது. அளப்பதற்கு முன் வேக்குவம் போடுங்கள், துளைகளில் மண்ணும் பிஸ்கட் தூளும் இறுகிக் கிடக்கும். நீங்கள் அளப்பது உங்கள் நிம்மதிக்கு. கையெழுத்து மெக்கானிக்குடையதாக இருக்க வேண்டும்.

படி 5: திரும்பத் திரும்ப வருபவற்றுக்குத் தனி ஷீட்

கடைசியாகச் செய்த தேதி, மணி, அடுத்தது எப்போது, இவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு பொறி உண்டு. வாடகைக்கு ஓடும் விமானத்தின் 100 மணி இன்ஸ்பெக்‌ஷனுக்கு, அது நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர 10 மணி வரை கூடுதல் அனுமதி இருக்கிறது. ஏ.டி.யின் 100 மணிக்கு அந்தச் சலுகை கிடையாது, அந்த ஏ.டி.யே கொடுத்தால் ஒழிய. இரண்டாவது, மார்ச் 3இல் முடித்த ஆனுவல் அடுத்த வருடம் மார்ச் 31 வரை செல்லும், அது காலண்டர் மாதக் கணக்கு. ஓர் ஏ.டி. காலண்டர் மாதம் என்று சொல்லாமல் வெறுமனே 12 மாதம் என்றால், மார்ச் 3தான் கெடு.

பின்சேர்க்கை 1: மணியை எண்ண டேக் மீட்டரா (என்ஜின் சுழற்சியை வைத்து எண்ணுவது) ஹாப்ஸா (ஓடும் நேரத்தைக் கடிகாரம்போல எண்ணுவது) என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஏ.டி. கேட்பது தரையைவிட்டு எழும்பியதிலிருந்து இறங்கும்வரை உள்ள நேரம். ஹாப்ஸ் பெரும்பாலும் டாக்ஸி நேரத்தையும் சேர்த்து எண்ணும், நாங்கள் டேக் வைத்துக்கொள்கிறோம். டேக் மீட்டரை எப்போதாவது மாற்றியிருந்தால் பழையதில் இருந்த மணியைக் கூட்ட மறக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: பைபர் பிஏ-28காரர்களுக்கு. 2018 ஏப்ரலில் டேடோனா பீச்சில் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை பிய்ந்து இரண்டு பேர் இறந்த பிறகு வந்தது 2020-26-16. 5,000 மணி பறந்த விமானங்களுக்குக் கணக்கு இப்படி: எத்தனை 100 மணி இன்ஸ்பெக்‌ஷன் நடந்ததோ அதை 100ஆல் பெருக்குங்கள், மொத்த மணியில் அதைக் கழித்து மிச்சத்தை 17ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டுங்கள். மொத்தம் 6,000 மணி, 100 மணி இன்ஸ்பெக்‌ஷன் 40 என்றால் 4,000 கூட்டல் சுமார் 118, அதாவது 4,118. இது 5,000ஐத் தொட்டால் இறக்கையின் மெயின் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் முக்கியச் சட்டம்) போல்ட் துளைகளுக்கு எடி கரன்ட் சோதனை (மின்காந்த முறையில் விரிசல் தேடுவது). லாக்புக் தொலைந்திருந்தாலோ பாதிதான் இருந்தாலோ, அந்த விமானமும் இந்த ஏ.டி.க்குள் வந்துவிடும்.